கட்டுரை நோட்டும் நம் உரைநடையும்

1

தமிழ் உரைநடை ஏன் இப்படி வீங்கிக் கிடக்கிறது என்ற கேள்வியை நம் சிறு வட்டத்தில் கேட்டுக்கொள்ளாதவர்கள் இல்லை. பதில்களும் கைவசம் இருக்கின்றன. மேடைப் பேச்சு கெடுத்தது என்பது ஒரு பதில். வணிகப் பத்திரிகைகள் கெடுத்தன என்பது இன்னொன்று. பண்டிதர்கள் கெடுத்தார்கள் என்பது இவையிரண்டுக்கும் மூத்தது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மேடையும் பத்திரிகையும் பண்டிதரும் ஒருவனை வந்தடைவதற்கு வெகு முன்னாலேயே, அவனுடைய ஒன்பது பத்து வயதில், ஒரு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. அவன் கையில் கட்டுரை நோட்டு ஒன்று வந்து சேர்கிறது. அதன் முதல் பக்கத்தில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போடுகிறான். அந்தக் கோட்டுக்குக் கீழே அவன் எழுதும் முதல் வாக்கியம் அவனுடையது இல்லை. அவனுடைய ஆசிரியருடையதும் இல்லை. யாராலும் நினைக்கப்படாத, யாருக்கும் சொல்லப்படாத வாக்கியம் அது. பின்னால் அவன் எழுத்தாளனாகவே ஆனாலும் அந்த வாக்கியத்தை மறக்க இருபது வருஷம் பிடிக்கிறது. பலருக்கு ஆயுள் போதுவதில்லை.

பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது உபாத்தியாயர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம், இலக்கியப் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வாசகன் இல்லை, வாசகன் இல்லை என்று ஓயாமல் அங்கலாய்க்கிறவர்கள் நாம். வாசகன் எங்கிருந்து வருகிறான்? ஒரு வாக்கியம் பொய்யா மெய்யா என்று முகர்ந்து பார்க்கத் தெரிந்தவன்தான் வாசகன். அந்த மோப்பம் வகுப்பறையில் கொல்லப்படுகிறது என்றால், அது நம்முடைய விவகாரம்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள் காலை என்னிடம் முந்தின ராத்திரியைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்தா முதலில் அரிசி டின்னைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாளாம், பிறகுதான் இவளை. பஞ்சாரத்தில் இருந்த கோழியை அடுப்பு மேடைமேல் ஏற்றினார்கள். விடியும்வரை அது ஒரு சத்தமும் போடவில்லை. "தண்ணி வந்தா கோழி பேசாது போல" என்றாள். இரண்டு வாரம் கழித்து அவளுடைய கட்டுரை நோட்டு என் கைக்கு வந்தது. தலைப்பு 'மழை'. மழை இயற்கை நமக்களித்த கொடை என்று அது தொடங்கியது. மழையின்றேல் உயிர்கள் இல்லை என்று நடந்தது. மழைநீரைச் சேமிப்போம், மண்வளம் காப்போம் என்று முடிந்தது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண். 'நன்று' என்ற குறிப்பு. குறைந்த ஒரு மதிப்பெண் எதற்கென்றும் தெரிந்தது. ஓரிடத்தில் 'மளை' என்று எழுதியிருந்தாள். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போய்த் திருத்துகிறவர் அவர். நான் கவனிக்கச் சொல்வது வேறு. இந்தப் பெண் இழந்தது 'கற்பனை வளம்' என்று கல்வி மாநாடுகளில் சொல்வார்கள். அது தவறு. கோழி பேசாமல் இருந்ததில் கற்பனை ஒன்றும் இல்லை, அது நடந்தது. அவள் இழந்தது தேர்வு. ஒரு ராத்திரி முழுக்க நடந்த நூறு காரியங்களில் அரிசி டின்னையும் கோழியின் மௌனத்தையும் அவள் பொறுக்கி எடுத்தாள். டின் முதலில், பேத்தி பிறகு என்ற வரிசையில் அந்த வீட்டின் வறுமை முழுவதும், ஆத்தாவின் சுபாவம் முழுவதும் வந்துவிட்டது. அதைப் பற்றி அவள் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. நாம் சிறுகதை என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அதன் வித்து இதுதான். கட்டுரை நோட்டில் தேர்வுக்கு இடமே இல்லை. அங்கே எல்லாம் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.

2

இந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பழிப்பது நம்மிடையே ஒரு சம்பிரதாயம். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருப் போட்ட கல்வி அது. அதில் கொடுமைகள் இருந்தன. சாதி வாசலிலேயே நின்றது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நெட்டுருப் போட்டதை நெட்டுரு என்றே அது அழைத்தது. ஔவையின் வரியைச் சொன்ன பையன் அதைத் தன் வரி என்று பாவனை செய்யவில்லை. மொழியின் ஓசை உடம்பில் ஏறியது, அவ்வளவுதான் கோரப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகம் வந்தது; பிள்ளைகளுக்கென்று உரைநடையும் வந்தது. ஆறுமுக நாவலருடைய பாலபாடங்கள் அந்த வகையில் ஒரு சாதனை. குழந்தை படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய சிறு வாக்கியங்களாக அவர் தமிழை உடைத்துக் கொடுத்தார். நம் உரைநடைக்கு அவரிடம் பெரிய கடன் உண்டு. என்றாலும் அந்த வாக்கியங்களின் ஜாதி என்ன? நீதியும் சமயமும். செய், செய்யாதே, இது நல்லது, இது பாவம். குழந்தை அறிந்த முதல் உரைநடை வாக்கியம் ஒரு தீர்ப்பு வாக்கியம். அது படிப்பதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. பின்னால் வந்தவர்கள் அதே ஜாதி வாக்கியத்தைக் குழந்தையே எழுத வேண்டும் என்றார்கள். அத்தோடு நிற்காமல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: 'சொந்த நடையில் எழுதுக.'

நம் கல்வியின் மிகப் பெரிய அபத்தம் இந்த மூன்று சொற்களில் இருக்கிறது. உரைநூலில் அச்சிட்ட கட்டுரையை மனப்பாடம் செய்து சொந்த நடை என்று ஒப்பிக்கும்போது குழந்தை கற்றுக்கொள்வது தமிழை இல்லை. எழுத்து என்பது பாவனை, அந்தப் பாவனை மதிப்பெண் பெறும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. திண்ணைப் பள்ளி கோரியது ஞாபகத்தை. கட்டுரை நோட்டு கோருவது பொய்யை.

3

இதற்கு மாற்றாக எதை வைப்பது என்று யோசிக்கும்போது எனக்கு டால்ஸ்டாயின் ஒரு கட்டுரைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. குடியானவப் பிள்ளைகள் நம்மிடமிருந்து எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டுமா என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு 1862இல் அவர் எழுதியது. 'போரும் அமைதியும்' எழுதுவதற்கு முந்தைய டால்ஸ்டாய். 1859 தொடங்கித் தன் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பண்ணையடிமை முறையை ஜார் அரசாங்கம் ஒழித்தது 1861இல். ஆக அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் அடிமைகளாகப் பிறந்த பிள்ளைகள். பள்ளியின் பெயரிலேயே ஒரு பத்திரிகையும் நடத்தினார். அதுவும் ஒரு சிறு பத்திரிகைதான். பன்னிரண்டு இதழ்கள் வந்தன.

அந்தப் பள்ளியின் ஆரம்பச் சோதனைகள் நமக்கு மிகவும் பரிச்சயமானவை. பிள்ளைகளுக்கு 'எளிய' பொருள் கொடுக்க வேண்டும் என்று நினைத்து தானியம், வீடு, மரம் என்று வருணிக்கச் சொன்னார்கள். தானியம் எப்படி விளைகிறது, எப்படி ரொட்டியாகிறது, அதன் பயன் என்ன என்று ஆசிரியர் பகுத்தும் கொடுத்தார். நம்முடைய குறிப்புச் சட்டகமேதான். பிள்ளைகள் அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எழுத மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். எழுதியவர்கள் புரியாத பிழைகளோடு எழுதினார்கள். அதே பிள்ளைகள் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் சந்தோஷமாக எழுதினார்கள். எளிமை என்று பெரியவன் நினைப்பது குழந்தைக்கு எளிமை இல்லை என்பதை டால்ஸ்டாய் அங்கே கண்டுகொண்டார். ஒரு பொருளைப் பொதுவாக வருணிப்பதுதான் எழுத்தில் மிகக் கடினமான காரியம். நாம் அதிலிருந்து தொடங்குகிறோம்.

பிறகு ஒரு நாள் பழமொழித் தொகுப்பு ஒன்றை அவர் படித்துக்கொண்டிருக்கிறார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துகிறவனைப் பற்றிய ருஷ்யப் பழமொழி ஒன்று கண்ணில் படுகிறது. இதற்கு ஒரு கதை எழுதுங்கள் என்கிறார். பிள்ளைகள் தயங்குகிறார்கள். சரி, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறார். குடியானவன் ஒருவன் பிச்சைக்காரக் கிழவனுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறான். பிறகு கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறான். பிள்ளைகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இப்படி இல்லை, அப்படி என்று திருத்த ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இடம் மாறிவிடுகிறது. அவர்கள் சொல்லச் சொல்ல டால்ஸ்டாய் எழுதுகிறார். கடைசியில் இருவர் மிஞ்சுகிறார்கள்: ஃபேத்கா, ஸ்யோம்கா. இரவு பதினொரு மணிவரை வேலை நடக்கிறது.

இந்த இரண்டு பையன்களைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியிருப்பது உயர்ந்த தரத்து விமர்சனம். ஸ்யோம்காவுக்குக் கண் கூர்மை. கிழவனின் காலணி, உடுப்பு எல்லாவற்றையும் அவனால் சொல்ல முடியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிடப் பார்ப்பான். ஃபேத்காவுக்கு அளவு தெரியும். அந்தக் கணத்து உணர்வை எது தூக்கிக் காட்டுமோ அதை மட்டும் எடுப்பான். கதையில் அக்கம்பக்கத்து ஆள் ஒருவன் வருகிறான். அவன் பெண்பிள்ளையின் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு வந்ததாக எழுதச் சொல்கிறான் ஃபேத்கா. ஏன் பெண்பிள்ளை அங்கி என்று கேட்டால் அவனால் காரணம் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஒரு அங்கியால் அந்த ஆளும் அந்த நேரமும் குடியானவ வீடு ஒன்றின் அலங்கோலமும் கண்முன் வந்துவிடுகின்றன. இதை விளக்கிச் சொல்லும்போது டால்ஸ்டாய் தன்னை ஃபேத்காவுக்குக் கீழே வைக்கிறார். புகழ்பெற்ற ஓர் எழுத்தாளர் பதினோரு வயசுப் பையனின் தேர்வுக்கு முன் தலைவணங்குவது விளையாட்டுக்காக இல்லை. அவருக்கு அன்று நிஜமாகவே பயம் வந்திருக்கிறது, அதைச் சொல்கிறார்.

அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு என்ன ஆயிற்று என்பதும் சொல்லத் தக்கது. மற்றப் பையன்கள் தெரியாமல் அந்தத் தாள்களை மடித்துக் காகிதச் சேவல் செய்து விளையாடி அடுப்பில் போட்டுவிட்டார்கள். டால்ஸ்டாய் நொந்துபோனார். இதைக் கண்ட ஃபேத்காவும் ஸ்யோம்காவும் ஓர் இரவு அவர் வீட்டில் தங்கி, கதையை மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்காக இல்லாமல், மதிப்பெண்ணுக்காக இல்லாமல், போனது திரும்பி வர வேண்டும் என்பதற்காக இரண்டு குடியானவப் பையன்கள் நடுநிசிவரை விழித்திருந்து எழுதினார்கள். எழுத்துக்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

4

டால்ஸ்டாயிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, தள்ள வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். இந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு தத்துவத்துக்குத் தாவுகிறார். குழந்தை பிறக்கும்போதே முழுமையான இசைவோடு பிறக்கிறது, நம் லட்சியம் பின்னால்தான் இருக்கிறது, கல்வி குழந்தையைக் கெடுக்கிறது என்பது அந்தத் தத்துவம். ரூஸோவின் குரல் இது. நம் ஊரில் இன்று பணக்காரத் தனியார் பள்ளிகள் 'படைப்பாற்றல் நேரம்' என்று வாரத்துக்கு ஒரு மணி ஒதுக்கி வண்ணப் பென்சில்களைக் கொடுத்துக் குழந்தைகளைச் சும்மா விடுவதற்குப் பின்னால் இருப்பதும், மெலிந்துபோன இதே குரல்தான்.

ஆனால் அவர் செய்தது அவர் சொன்ன தத்துவத்தை மறுக்கிறது. ஃபேத்காவைச் சும்மா விடவில்லை அவர். பழமொழியைக் கொண்டுவந்தார். முதல் வரிகளைத் தானே எழுதினார். பேனாவைத் தன் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு பையன்கள் சொல்வதில் எதை எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கட்டுரையின் கடைசியில் அவர் கொடுக்கும் நான்கு யோசனைகள் தத்துவத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவை. முதலாவது: விதவிதமான தலைப்புகளைப் பிள்ளைகள் முன் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கென்று ஜோடித்தவையாக இல்லாமல், ஆசிரியருக்கே அக்கறையுள்ள, கனமான தலைப்புகளாக அவை இருக்க வேண்டும். இரண்டாவது: பிள்ளைகள் எழுதியதையே பிள்ளைகளுக்கு மாதிரியாகப் படிக்கக் கொடுக்க வேண்டும். மூன்றாவது: எழுதியதைப் பார்க்கும்போது நோட்டின் சுத்தம், கையெழுத்து, எழுத்துப்பிழை பற்றி வாயே திறக்கக்கூடாது, வாக்கிய அமைப்பு பற்றியும் தர்க்கம் பற்றியும் திறக்கவே கூடாது. நான்காவதுதான் எனக்கு முக்கியம். எழுதுவதன் கஷ்டம் பக்க அளவிலோ பொருளிலோ இல்லை, வேலையின் இயக்கத்தில் இருக்கிறது என்கிறார். மனதில் முண்டும் பல எண்ணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதற்குச் சொல் தேடுவது. அதை ஞாபகத்தில் வைத்து உரிய இடம் கண்டுபிடிப்பது. சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், விட வேண்டாததை விடாமல், முன்னதோடு பின்னதை இணைப்பது. கடைசியாக, யோசிப்பதும் எழுதுவதும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே நேரத்தில் நடப்பது. இத்தனையையும் ஒரு குழந்தைமேல் ஒரேயடியாகச் சுமத்தக்கூடாது. ஆரம்பத்தில் சிலவற்றை ஆசிரியர் தன் தோளில் வாங்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குழந்தையிடம் இறக்க வேண்டும்.

ஆரம்பப் பாடம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறை எனக்குக் கிடைக்கவில்லை. எந்தச் சுமையை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், எதைக் குழந்தையிடம் விடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டால்ஸ்டாய் எழுதும் சுமையை எடுத்துக்கொண்டு தேர்வைக் குழந்தையிடம் விட்டார். நம் கட்டுரை நோட்டு தேர்வைத் தான் எடுத்துக்கொண்டு எழுதும் சுமையைக் குழந்தையிடம் விடுகிறது. மனிதக் காரியத்தைப் பறித்துக்கொண்டு குமாஸ்தா வேலையை ஒப்படைக்கிறது.

5

ருஷ்யாவில் இல்லாத சிக்கல் ஒன்று நமக்கு உண்டு. தமிழ்க் குழந்தை பேசும் தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. 'வந்துச்சு' என்பது 'வந்தது' ஆக வேண்டும். 'பேசாது போல' என்பது என்ன ஆக வேண்டும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. முதல் நாளிலேயே குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது, தன்னிடம் இருப்பது மொழி இல்லை என்று. வாயில் இருப்பதை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போகிறது. அனுபவமும் அந்த வாயோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. சொல்லைக் கழற்றினால் கோழியும் போய்விடுகிறது.

மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கி.ராஜநாராயணன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு. வேடிக்கைப் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். 1982இல் கரிசல் வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தவர், பள்ளிக்கூடம் வாசலில் கழற்றச் சொன்னதைக் கழற்றாமல் வைத்திருந்தார் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் பள்ளியிலிருந்து தப்பித்தவர்களை வைத்துப் பள்ளியைத் திட்டமிட முடியாது. தப்பிக்க முடியாத கோடிப் பேரைப் பற்றியது இந்தப் பேச்சு.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், வர வேண்டும். ஏழைப் பிள்ளைக்குப் பிழையில்லாத எழுத்துத் தமிழ் வேண்டும். மனு எழுத, தேர்வு எழுத, வேலைக்குப் போக அது வேண்டும். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதை வீடு கொடுத்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் கதியில்லை. 'மளை'யைத் திருத்தாமல் விடுவது கரிசனம் போலத் தோன்றும் துரோகம். இந்த ஆட்சேபம் நியாயமானது. டால்ஸ்டாயிடம் இதற்கு முழுப் பதில் இல்லை.

பதில் இத்தாலியில், டஸ்கனி மலைப்பகுதியிலிருந்த பார்பியானா என்ற குக்கிராமத்திலிருந்து வந்தது. லொரன்ஸோ மிலானி என்ற பாதிரியார் 1954இல் அங்கே அனுப்பப்பட்டார். அரசுப் பள்ளிகளில் தேறாமல் துரத்தப்பட்ட குடியானவப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினார். மனிதர்களைச் சமமாக்குவது மொழி ஒன்றுதான் என்பது அவருடைய பிடிவாதம். தங்களைத் தேர்வில் தோற்கடித்த ஆசிரியை ஒருத்திக்கு எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதிய கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது. அது வந்து சில வாரங்களில் மிலானி இறந்துபோனார்.

அந்தப் பையன்களின் முறை மிகச் சாதாரணமானது. தோன்றும் ஒவ்வொரு எண்ணத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதுவது. துண்டுகளை மேஜைமேல் பரப்புவது. ஒரே விஷயம் சொல்கிறவற்றை ஒரு குவியலாக்குவது, குவியல்கள் அத்தியாயங்களாகின்றன. பிறகு வெட்டுவது. எந்தச் சொல் தேவையில்லை, எந்த வாக்கியத்தில் இரண்டு விஷயம் திணிக்கப்பட்டிருக்கிறது என்று போட்டி போட்டுக்கொண்டு வெட்டுவது. தாங்கள் பேச்சில் பயன்படுத்தாத சொல்லை எடுத்துவிடுவது. வெளியாள் யாராவது வந்தால் படித்துக் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேட்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு நிபந்தனைகள்: சொல்வதற்கு முக்கியமான ஒன்று இருக்க வேண்டும், யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டால்ஸ்டாய் ஓர் இரவில் தற்செயலாகக் கண்டது இங்கே முறையாகிவிட்டது. தேர்வு துண்டுத்தாளாகிக் கைக்கு அகப்படும் பொருளாகிவிட்டது. எழுத்துப்பிழைக்கும் இதில் வழி இருக்கிறது. நிஜமான ஒருவர் படிக்கப் போகிறார் என்னும்போது ழகரமும் ளகரமும் மதிப்பெண் விவகாரமாக இல்லாமல் போகிறது. படிக்கிறவர் தடுக்கி விழாமல் இருக்கக் கல்லை எடுத்துப் போடுகிற மரியாதை ஆகிறது. திருத்தம் வேண்டும், கடைசியில் வேண்டும், படிக்கப் போகிறவரின் பெயரால் வேண்டும்.

6

நம் வகுப்பறையில் இது நடக்குமா என்பார்கள். நாற்பது பிள்ளைகளை ஐந்தைந்தாகப் பிரித்தால் எட்டுக் குழுக்கள். ஒரு நாளைக்கு ஒரு குழுவோடு அரை மணி நேரம் ஆசிரியர் உட்காரட்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளைகள் சொல்ல, ஆசிரியர் அவர்கள் சொன்ன வாய்மொழியிலேயே துண்டுத்தாள்களில் எழுதட்டும். இருபது துண்டுகள் சேர்ந்ததும் ஒரே கேள்விதான்: இதில் எதை விட்டுவிடலாம்? எட்டு அல்லது ஒன்பது வயசுக் குழந்தைக்கு நான் கொடுக்க விரும்பும் முதல் எழுத்துப் பாடம் இந்த ஒரு கேள்வி. மிஞ்சியதை வரிசைப்படுத்தி, சம்பவத்தைப் பார்க்காத அடுத்த வகுப்பில் போய்ப் படிக்க வேண்டும். அவர்களுக்குப் புரியாத இடத்தில் திருத்த வேண்டும். எது பேச்சிலேயே நிற்கும், எது எழுத்துத் தமிழாக மாற வேண்டும் என்பதும் அங்கே, அந்தக் கேட்பவர்கள் முன்னால் தீர்மானமாகட்டும். ஒன்பதாவது நாள் முதல் குழு திரும்ப வரும்போது பேனா ஒரு குழந்தையின் கைக்குப் போகலாம். ஒரு வருஷத்தில் ஆசிரியர் சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும் என்ற நிலை வரும்.

2022இல் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை ஆரம்ப வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் இழந்ததை ஈடுகட்டுவது நோக்கம். எழுத்தறிந்து வாசிக்க வைப்பது அவசியமான வேலை. அதைக் குறைத்துப் பேசுவது வயிறு நிரம்பியவனின் பேச்சு. ஆனால் எழுத்துகளை அறிவதும் எழுதுவதும் ஒன்று என்ற மயக்கம் மட்டும் வேண்டாம். அந்தக் குழந்தை மேலே ஏறி வரும்போது பத்தாம் வகுப்பில் அதற்காகக் காத்திருப்பது பழைய சட்டகம்தான். காட்சியைக் கண்டு கவினுற எழுதச் சொல்கிறது வினாத்தாள். கண்டதற்கும் கவினுக்கும் நடுவில் ஒரு மனிதன் இருந்தாக வேண்டும் என்ற நினைப்பே இல்லாத கட்டளை. இலக்கிய நயம் பாராட்டவும் தலைப்புகள் தயாராக இருக்கின்றன: திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம், சுவை. எந்தக் கவிதையையும் இந்த ஏழு டப்பாக்களில் போட்டு மூடிவிடலாம். கவிதை கெட்டது என்று சொல்ல எட்டாவது டப்பா கிடையாது.

இதைச் சொல்லிச் சிரிப்பது நமக்குச் சுலபம். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி விமர்சனத்துக்கு இடம் கேட்டதிலிருந்து இன்றுவரை நாம் எழுதிய விமர்சனங்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். டப்பாக்களின் பெயர் மாறியிருக்கிறது: படிமம், தொன்மம், இருத்தல், அந்நியமாதல், பிரதி, கட்டுடைப்பு. உள்ளே போடும் விதம் அப்படியேதான். கவிதையில் கோழி எங்கே பேசாமல் இருந்தது என்று பார்த்துச் சொன்ன விமர்சனங்கள் எத்தனை? நம் சிறுகதைகளிலும் கடைசிப் பத்தியில் 'முடிவுரை' தலைகாட்டுகிறது. அடிக்கோட்டை மட்டும் அழித்துவிட்டோம். பள்ளிக்கூடத்தை நோக்கி எறிகிற கல் நம் வீட்டுக் கூரையிலும் விழுகிறது, விழட்டும்.

நம்மில் பலர் பள்ளி ஆசிரியர்கள். இலக்கியம் வீட்டில், வகுப்பு பள்ளியில் என்று இரண்டையும் வெவ்வேறு கொடியில் உலர்த்தி வந்திருக்கிறோம். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரமும் கிழித்த தாள்களும் போதும். வருகிற திங்கட்கிழமை ஐந்து பிள்ளைகளை உட்கார்த்தி, பேனாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதை யாராவது ஒருவர் எழுதிப் பார்க்கட்டும். கிடைப்பதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டும். கடைசியில் ஒரு நீதி வாக்கியம் மட்டும் சேர்க்க வேண்டாம்.